படுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா?

எங்கள் தலைச்சோலைப் பக்கம் நாலு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், மிளகு விலையில் தொடங்கும் பேச்சு இப்போதெல்லாம் முதியோர் இல்லத்தில் போய்த்தான் நிற்கிறது. பிள்ளைகள் சேலத்தில், திருப்பூரில், பெங்களூரில், சிலருடைய பிள்ளைகள் கடலுக்கு அப்பால். மலையில் மிஞ்சியிருப்பது நாங்கள்தான். எனக்கு 75 நடக்கிறது. வீட்டம்மாவுக்கு 71, முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டும்.

அதனால் இரண்டு வருஷமாக நாங்கள் இருவரும், கீழே போகும்போதெல்லாம், லாப நோக்கமில்லாமல் நடக்கும் சில இல்லங்களைப் பார்த்து வந்தோம். பெயர்கள் வேண்டாம். நல்ல காற்றோட்டம், சுத்தமான சமையல், பஜனைக் கூடம், சின்னத் தோட்டம் எல்லாம் இருந்தன. எல்லா இடத்திலும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “படுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா?” பல இடங்களில் பதிலுக்குப் பதிலாக விண்ணப்பப் படிவத்தைக் காட்டினார்கள். சேருகிறவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. முடியாமல் போனால் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவார்களாம். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாததால்தானே அங்கே போகிறோம்!

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் யார் யார் என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் நினைத்ததைவிடப் பழைய கதையாக இருந்தது. உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கல்லில் எழுதிய சம்பளப் பட்டியல்

செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 1068 ஆம் ஆண்டளவில் வெட்டியது. அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு பாடசாலையும், மாணவர் விடுதியும், ‘வீரசோழன்’ என்று பெயரிட்ட ஆதுலர் சாலையும் நடந்தன. ஆதுலர் என்றால் நோயாளிகள். இது முதியோர் இல்லம் அல்ல. பாடசாலைக்காரர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமான மருத்துவமனை. ஆனால் ஒரு மனிதன் படுக்கையில் விழுந்தால் அவனைப் பார்த்துக்கொள்ள என்னென்ன வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக எழுதிய பட்டியலை நான் படித்ததில்லை.

நோயுற்றுக் கிடப்பவர் 15 பேர் என்று கல்வெட்டு கணக்கு வைக்கிறது. ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்கிறவருக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொண்டுவரும் ஆட்கள் இருவர். மருந்து கொடுத்து நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதர் ஒருவர். தண்ணீர் கொண்டுவருகிறவர் ஒருவர். சாலையில் இரவெல்லாம் ஒரு விளக்கு எரிய எண்ணெய்க்குத் தனியாகப் பணம்.

அந்த இரவு விளக்கில்தான் என் மனம் நின்றுவிட்டது. படுத்திருக்கிறவருக்குப் பகலைவிட இரவு நீளம். தாகம் எடுக்கும், சிறுநீர் கழிக்க வேண்டும், பயம் வரும். விளக்கு எரிகிறது என்றால் யாரோ விழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டடத்தின் நீள அகலத்தைவிட, தண்ணீர் எடுப்பவரும் நாவிதரும் விளக்கெண்ணெயும் முக்கியம் என்று தெரிந்தவர்கள் எழுதிய கணக்கு அது. வைத்தியருக்கு 90 கலம், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்பதையும் கவனிக்க வேண்டும். இன்றைக்கும் அந்த விகிதம் பெரிதாக மாறிவிடவில்லை.

நள்ளிரவு மணி

அந்தக் கல்வெட்டு வெட்டி ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு, தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் 1802-ல் ஏற்பட்டது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-ல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. நள்ளிரவில் பெரிய மணி அடித்து, மூலையில் தூங்குகிறவர்களையும் பிந்தி வந்தவர்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். நோயில் விழுந்தவர்களுக்கு வைத்தியமும் பத்திய உணவும் உண்டு. குணமாகும் வரை இருக்கலாம். இறந்து போனால் அவரவர் வழக்கப்படி காரியம் நடக்கும். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளுக்குப் பாலும் படிப்பும் உண்டு.

அன்னதானம் என்று நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடும் விஷயத்துக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பலவீனம் பொது. திருமுக்கூடல் ஆதுலர் சாலையும் தஞ்சைச் சத்திரங்களும் அரசன் விட்ட நிலத்தின் வருமானத்தில் நடந்தவை. ஆட்சி போனதும் அந்தப் பழைய ஏற்பாடும் தளர்ந்தது. திருமுக்கூடலில் நமக்கு மிஞ்சியது கல்வெட்டு. தஞ்சைச் சத்திரங்கள் வெள்ளைக்கார அரசின் நிர்வாகத்துக்குப் போயின.

அது போக, கிராமத்து முதியவர் சத்திரத்துக்குப் போகவில்லை. அவர் வீட்டிலேயே இருந்தார். எங்கள் மலையில் மலையாளி மக்கள் காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டுப் பெரியவர்தான். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்து இடம் அவருக்கு. அவர் படுத்துவிட்டால் பார்ப்பதற்கு மகள், மருமகள், பேத்தி என்று வீடு நிறையக் கைகள். அந்தக் கைகளுக்குச் சம்பளம் கிடையாது, கேட்டதும் கிடையாது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்கிற ஆண்கள் நாம், அந்தக் கைகளின் சொந்தக்காரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

காப்பித் தோட்டத்தில் நிலைமை வேறு. கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்த பிறகு, கூலி வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். லைன் வீடுகள் வந்தன. வேலை முடிந்தால் லைன் வீடும் முடிந்தது என்பது தோட்டத்து வழக்கம். குடும்பத்தில் வேறு யாராவது வேலையில் இருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீடற்ற முதுமை நம் மலைக்கு நேற்று வந்ததல்ல.

முதுகில் சுமந்து ஏற்றிய கிழவி

முதியோருக்கென்றே தனியாக ஒரு வீடு என்ற எண்ணம் நம் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில்தான் வேர் பிடித்தது. சென்னையில் ‘ஃபிரண்ட் இன் நீட் சொசைட்டி’ 1812-லேயே தொடங்கியது; ஆதரவற்ற ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உதவுவது அதன் வேலை. ஆனால் சாதி, மதம் பார்க்காமல், சாகும் வரை வைத்துக்கொள்வோம் என்று சொன்ன ஒரு கூட்டத்தின் கதை பிரான்சில் ஆரம்பித்து நம் ஊர் வரை வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரான்சின் வடமேற்குக் கடற்கரையில் செயின்ட் செர்வான் என்ற சிற்றூர். மீனவர்களும் மாலுமிகளும் வாழ்ந்த இடம். கடலில் போனவர்கள் திரும்பாமல் போனால் கிழவிகள் பிச்சை எடுத்தார்கள். அங்கே ழான் ழுகான் என்ற பெண், வீட்டு வேலை செய்து பிழைத்தவர், வயது 47. 1839 குளிர்காலத்தில் கண் தெரியாத, பக்கவாதம் வந்த ஒரு கிழவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குறுகலான மாடிப்படியில் முதுகில் சுமந்து ஏற்றினார் என்று சொல்கிறார்கள். தன் கட்டிலைக் கிழவிக்குக் கொடுத்துவிட்டுத் தான் பரணில் படுத்துக்கொண்டார்.

அவர் எடுத்த முதல் ஆளே படுத்துவிட்ட ஆள்தான் என்பதைக் கவனியுங்கள். நடமாட முடிகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, விழுந்தவர்களை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிற ஏற்பாடாக அது தொடங்கவில்லை.

கிழவிகள் கூடினார்கள். பணத்துக்கு என்ன செய்வது? அதுவரை அவர்கள் பிச்சை எடுத்துவந்த வீடுகளுக்கு ழான் கூடையைத் தூக்கிக்கொண்டு தானே போனார். அவர்களுக்குப் பதிலாக இனி நான் வருகிறேன் என்றார். இப்படித்தான் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை வளர்ந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு நடந்தது வேறு. சபைக்குப் பொறுப்பேற்ற பாதிரியார் தன்னையே நிறுவனர் என்று சொல்லிக்கொண்டார். 1852-ல் ழான் ஒதுக்கப்பட்டு, கடைசி 27 வருஷம் சபையின் தலைமை இல்லத்தில் பெயரில்லாமல் வாழ்ந்தார். கூட இருந்த இளம் சகோதரிகளுக்கே இவர்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்தவர் என்று தெரியாது. 1879-ல் இறந்தார். உண்மை பிறகு வெளிவந்தது. 2009-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

அவர் இறந்து மூன்றே வருஷத்தில், 1882-ல், சகோதரிகள் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். பிறகு பெங்களூர், செகந்தராபாத், சென்னை என்று வீடுகள் ஏற்பட்டன. சென்னையில் ஹாரிங்டன் சாலைப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த வீடு தெரிந்திருக்கும். நிரந்தர வருமானம் தரும் சொத்துகள் வேண்டாம் என்று 1865-லேயே இவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அன்றாடம் கேட்டு வாங்கித்தான் நடத்துகிறார்கள். கடைகளுக்கும் சந்தைக்கும் போய் அரிசி, காய்கறி என்று கொடுப்பதை வாங்கி வருகிறார்கள்.

முதலில் இது எனக்குப் பிடிக்கவில்லை. அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். வைப்புநிதி இல்லாமல் ஒரு நிறுவனமா என்று தோன்றியது. யோசித்தால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரசன் நிலம் விட்டால், ஊர் அதோடு தன் கடமை தீர்ந்தது என்று போய்விடும். தினம் கூடை வந்தால், அந்த வீட்டில் இத்தனை கிழவர்கள் சாப்பிட இருக்கிறார்கள் என்பதை ஊர் மறக்க முடியாது.

திங்கட்கிழமை கூடிய பெண்கள்

சென்னையில் சில குடும்பப் பெண்கள் சேர்ந்து ‘மண்டே சேரிட்டி கிளப்’ என்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதை முன்நின்று நடத்தியவர் சாவித்திரி வைத்தி. 1978-ல் அவர்கள் ஆதரவற்ற வயதான பெண்களுக்காக ‘விஸ்ராந்தி’ என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். பிறகு பாலவாக்கத்தில் அது நிலைகொண்டது. கட்டணம் இல்லை.

1978-ல் இதற்கு என்ன எதிர்ப்பு இருந்திருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவளை ஹோமில் விடுவதா என்று ஊர் பேசிய காலம். பேசியவர்கள், விதவையாகிப் பிள்ளையும் இல்லாத பெண் எங்கே போவாள் என்பதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. விஸ்ராந்தியில் இறந்தவர்களின் ஈமக்கடனையும் இல்லத்துக்காரர்களே முன்நின்று செய்தார்கள். பிள்ளை கையால் கொள்ளி வேண்டும் என்று காலமெல்லாம் பயந்து வாழ்ந்த பெண்களுக்கு, அந்தப் பயத்தை இறக்கி வைத்ததைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது. சரபோஜி மன்னரின் கடிதத்திலும் இதே அம்சம் இருந்ததை நினைத்துப் பாருங்கள். சோறு, மருந்து, கடைசிக் காரியம் மூன்றும் சேர்ந்ததுதான் பராமரிப்பு.

அதே 1978-ல்தான் ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’வும் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலூர் பக்கம் குடும்பத்தை இழந்த ஏழை முதியவர்களுக்காக அவர்கள் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தார்கள். ஏறத்தாழ 100 பேர் வாழும் இடம். ஒரே பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில் போடாமல், சின்னச் சின்ன வீடுகள், நடுவில் தோட்டம், பொதுச் சமையல். வாழ்நாளெல்லாம் குப்பத்தில், தெருவில், அக்கம்பக்கத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தையே திருப்பிக் கொடுத்த ஏற்பாடு அது.

மணியார்டர் காட்டிய வீடுகள்

அரசாங்கம் என்ன செய்தது? தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-ல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. நான் 1974-ல் தபால் வேலைக்கு வந்தவன். இந்தத் தொகை மணியார்டராகப் போன காலத்தில் நாகலூர், கொளகூர், செம்மநத்தம் என்று ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். நடக்க முடிகிற கிழவி வாசலிலேயே காத்திருப்பாள். நடக்க முடியாதவள் உள்ளே இருட்டில் கிடப்பாள். குனிந்து உள்ளே போய், கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு ரேகை வாங்க வேண்டும். சில விரல்கள் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. “தண்ணி கொஞ்சம் மொண்டு குடுத்துட்டுப் போ சாமி” என்பார்கள். பணத்தை எண்ணி வாங்குவதற்கு முன்னால் கேட்டது அதைத்தான். திருமுக்கூடல் பட்டியலில் தண்ணீர் எடுப்பவருக்கு ஏன் தனியாகச் சம்பளம் போட்டார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. இதில் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. இந்தச் சட்டம் வந்த பிறகு, என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, அவர்கள் கவனிக்காமல் விட்டால், 23-ம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எனவே தானப் பத்திரம் எழுதுகிறவர்கள் அந்த நிபந்தனையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, ஏழை முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி, மாநில அரசு அமைக்கலாம் என்று 19-ம் பிரிவு சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள். இவ்வளவு பேருக்கு மாவட்டத்துக்கு 150 கட்டில் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, பெரும்பாலோர் வீட்டில்தான் படுப்போம். அப்படியானால் பராமரிப்பு நம் வீட்டுக்கு வர வேண்டும். கேரளத்தில் இதைச் செய்து காட்டினார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் சில மருத்துவர்கள் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு ஊர் ஊராகத் தொண்டர்கள் பயிற்சி பெற்றுப் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கே போனார்கள். 2008-ல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, படுத்தபடுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே தருவது அதன் நோக்கம். நல்ல திட்டம். ஆனால் மலையில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆள் இருந்தால்தான் செவிலியர் வந்து சேர முடியும்.

கேட்க வேண்டியவை

இல்லம் தேடுகிறவர்களுக்கு நான் படித்ததிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் சொல்வது இவ்வளவுதான். அறையையும் தோட்டத்தையும் பார்த்தது போதும். படுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரவு 2 மணிக்கு யார் விழித்திருப்பார்கள், எத்தனை பேருக்கு ஒருவர் என்று கேளுங்கள். பராமரிக்கிற பெண்களுக்கு என்ன சம்பளம், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் அங்கே ஏதோ சரியில்லை. இப்போது படுக்கையில் இருப்பவர்களின் அறையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள். காட்டினால் நகங்களைப் பாருங்கள், முகச் சவரத்தைப் பாருங்கள். சோழர் காலத்து நாவிதர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

நாங்கள் பார்த்ததில் ஒரு இடம் மட்டும் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னது. கட்டடம் பழசு. மாடிப்படி கிடையாது. படுத்திருப்பவர்கள் அறைதான் சமையலறைக்கு அடுத்து இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் என்றார்கள். அங்கே எங்கள் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறோம். கை கால் ஓடும் வரை மலையை விட்டு இறங்குவதாக இல்லை.

அதுவரை சும்மா இருக்கவும் இல்லை. ஓய்வுபெற்ற நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, தலைச்சோலையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் படுத்தபடுக்கையாக இருப்பவர்கள் யார், கூட இருப்பவர் யார், இரவில் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறோம். மாதம் ஒருமுறை அதைச் சுகாதாரச் செவிலியரிடம் கொடுக்கிறோம். இதுவரை 11 பெயர். அதில் 4 பேருக்கு இரவில் யாரும் இல்லை. உங்களுக்குத் தெரிந்த பெயர் இருந்தால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.